இரண்டு முனையும் யார் கையில்?

பரமக்குடிச் சேலை ஒன்றைக் கடைக்காரர் மேஜை மேல் விரித்துப் போடுகிறார். வாங்க வந்த அம்மாள் முந்தானையைப் பார்க்கிறாள், கரையைப் பார்க்கிறாள், துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்க்கிறாள். கூட வந்த கணவர் விலைச் சீட்டை மட்டும் பார்க்கிறார். அந்தச் சேலை எத்தனை கை மாறி அந்த மேஜைக்கு வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அது சேலையில் தெரிகிற விஷயமும் அல்ல. விலைச் சீட்டில்தான் தெரியும். அதுவும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

கணக்கெடுத்துப் பார்ப்போமே. கரிசல் காட்டில் ஒருவர் பருத்தி விதைக்கிறார். ஒருவர் அதை வாங்குகிறார். ஒருவர் அரவை ஆலையில் கொட்டையை நீக்குகிறார். ஒருவர் பஞ்சைப் பொதியாக அழுத்துகிறார். ஒருவர் நூற்கிறார். ஒருவர் சாயம் தோய்க்கிறார். ஒருவர் பாவு ஓட்டுகிறார். ஒருவர் நெய்கிறார். ஒருவர் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறார். கடைசியில் ஒருவர் மேஜை மேல் விரித்துப் போடுகிறார். ஆகப் பத்துக் கைகள். இந்தப் பத்துக் கைகளில் எத்தனை கைகள் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்ற கேள்விதான், என் அபிப்பிராயத்தில், இந்தப் பக்கத்து ஜவுளிச் சரித்திரம் முழுவதும்.

ஒரு கடைக்காரர் பத்துக் கடை வைப்பது வேறு; அதே கடைக்காரர் தம் கடைக்கு வேண்டிய துணியை நெய்யத் தறி வைத்து, தறிக்கு வேண்டிய நூலை நூற்க ஆலை வைத்து, ஆலைக்கு வேண்டிய பருத்திக்கு நிலமும் வாங்கிப் போடுவது வேறு. முன்னது பக்கவாட்டில் பரவுவது. பின்னது மேலும் கீழும் வேர் விட்டுக் கிளை விடுவது. இரண்டாவதற்கு வியாபாரப் புத்தகங்களில் 'செங்குத்து ஒருங்கிணைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் சர்க்கஸில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கிற வித்தை நினைவுக்கு வருகிறது. ஒரு விதத்தில் அது பொருத்தம்தான். அடியில் நிற்கிறவனுக்கு முட்டி ஆட்டம் கண்டால் உச்சியில் நிற்கிறவனும் விழ வேண்டியதுதான்.

உலகத்தில் இந்த வித்தையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு. டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ரூஜ் ஆற்றங்கரையில் 1917-ல் ஒரு தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் இரும்புத் தாதும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்கும். மறு பக்கம் மோட்டார் கார் உருண்டு வெளியே போகும். சுரங்கம் அவருடையது, ரயில் அவருடையது, கப்பல் அவருடையது, உருக்காலை அவருடையது, கண்ணாடிச் சாலை அவருடையது. டயருக்கு வேண்டிய ரப்பர் ஒன்றுதான் வேறொருவர் தயவில் இருந்தது. அதையும் விடக் கூடாது என்று 1927-ல் பிரேஸில் நாட்டுக் காட்டில் சுமார் 25 லட்சம் ஏக்கர் பெற்று, ஃபோர்ட்லாண்டியா என்று தம் பெயரால் ஓர் ஊரையே எழுப்பினார். மரங்களை நெருக்கி நட்டதும் இலைநோய் வந்து அழித்தது. 1945-ல் அவர் பேரன் பெரும் நஷ்டத்துக்கு அந்தக் காட்டைப் பிரேஸில் அரசாங்கத்துக்கே திருப்பி விற்றார். இரும்பு அவர் சொன்னபடி கேட்டது, மரம் கேட்கவில்லை.

ஃபோர்டுக்கு நூறு வருஷம் முன்பே அமெரிக்க ஜவுளிக்காரர்கள் இதைச் சின்ன அளவில் செய்திருக்கிறார்கள். மாஸசூஸெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ஃபிரான்சிஸ் கேபட் லோவெல் 1813-ல் தொடங்கிய கம்பெனியில் பஞ்சு ஒரு கதவு வழியாகப் போய், துணியாக இன்னொரு கதவு வழியாக வந்தது. நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ். ஆனால் ஜவுளிக்குத் தாய்வீடான இங்கிலாந்தின் லங்காஷயரில் அப்படி நடக்கவில்லை. ஓல்ட்ஹாம் ஊர் நூற்றது; பர்ன்லி ஊர் நெய்தது; மான்செஸ்டர் வியாபாரி நடுவில் இருந்து விற்றார். அவரவர் தொழில் அவரவருக்கு. அப்படி இருந்தும் உலகத்துக்கெல்லாம் துணி உடுத்தினார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்தால்தான் செழிப்பு என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

இந்த லங்காஷயர் முறை, ஒரு திருத்தத்தோடு, நம் பாண்டி நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள். முதலில் பருத்தி வியாபாரிகள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து திருநெல்வேலிப் பருத்தியைக் கப்பலேற்றிக் கொண்டிருந்தவர்களுக்கு, இங்கே விளைகிற பருத்தியை இங்கேயே நூற்று இங்கேயே விற்றால் என்ன என்று தோன்றியது. 1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் வேகத்தைக் கொண்டே இயந்திரத்தைச் சுழற்றும் நூற்பாலை எழுந்தது. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில். 1892-ல் மதுரை ரயிலடிக்குப் பக்கத்தில் மதுரை மில் ஓட ஆரம்பித்தது. பின்னால் இவை மூன்றும் ஒரே கம்பெனியாகி, இந்தியாவின் மிகப் பெரிய நூற்பாலைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றன. 1974-ல் அது 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சு வாங்குவதும் நூற்பதும் மட்டுமல்ல, தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டுகளும் இந்த ஹார்விகளே. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது எதிரே நின்றவர்கள் இவர்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசிய போதும் எதிரே நின்றவர்கள் இவர்கள். கடலில் ஒரு சண்டை, கரையில் ஒரு சண்டை என்று நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு பாடமாகப் படிக்கிறோம். சிதம்பரம் பிள்ளைக்கு அது ஒரே கையோடு போட்ட சண்டை. அவரும் அதைத் தெரிந்தே போட்டார் என்று எண்ணுகிறேன். கப்பல் மட்டும் போதாது என்றுதானே தர்ம சங்க நெசவுச் சாலை, சுதேசியப் பண்டக சாலை என்றெல்லாம் தூத்துக்குடியில் முயன்று பார்த்தார்?

சரி, பஞ்சும் நூலும் கப்பலும் கையில் இருந்த ஹார்வி கம்பெனி, துணி நெய்வதைத் தன் பெருந்தொழிலாக ஏன் செய்து கொள்ளவில்லை? பம்பாய், ஆமதாபாத் ஆலைகள் நூற்றன, நெய்தன. சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைகளும் இரண்டையும் செய்தன. காக்கித் துணிக்குப் பேர் போனவை. மதுரை மில் நூலோடு நின்றது. எனக்குத் தோன்றுகிற பதில் இது: நெய்ய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆயிரக்கணக்கான தறிகள் ஏற்கெனவே ஓடிக் கொண்டிருந்தன. அந்தத் தறிக்குக் கொட்டகை கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. தறி கெட்டால் பழுது பார்க்க வேண்டியதில்லை. சேலை விற்காவிட்டால் நஷ்டம் நெசவாளருடையது. நூலை விற்றுக் காசை எண்ணிக் கொண்டால் தீர்ந்தது. எந்தக் கண்ணியைக் கையில் வைத்துக் கொள்வது என்று தெரிவது ஒரு சாமர்த்தியம் என்றால், எதை விட்டுவிடுவது என்று தெரிவது அதைவிடப் பெரிய சாமர்த்தியம்.

அப்படி விடப்பட்ட கண்ணியில் இருந்தவர்கள் மதுரையிலும், பரமக்குடியிலும், வைகையின் மறுகரையில் இருக்கும் எமனேசுவரத்திலும் இருந்த நெசவாளர்கள். இங்கே பெரும்பாலோர் சௌராஷ்டிரர்கள். பட்டுநூல்காரர் என்று பழைய ஆவணங்கள் சொல்லும். மேற்கே சௌராஷ்டிர தேசத்தை விட்டுப் புறப்பட்டு, விஜயநகரம் வழியாக மதுரைக்கு வந்து, நாயக்க மன்னர்கள் ஆதரவில் நெய்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் விட்டு வந்த திசையிலிருந்துதான் இன்றைக்கும் அவர்கள் சேலைக்கு ஜரிகை வருகிறது, சூரத்து ஜரிகை.

நூல் கையை விட்டுப் போனதற்கு ஹார்வி ஒருவரையே குற்றம் சொல்லக் கூடாது. அதற்கு முன்பே லங்காஷயர் நூல் வந்து கிராமத்து ராட்டையை மூலையில் சாத்திவிட்டது. சாயத்தின் கதையும் இதுதான். இராமேசுவரம் தீவிலும் இந்தக் கடற்கரை மணலிலும் இம்பூறல் என்றொரு செடி படரும். அதன் வேர்தான் சாயவேர். அதைத் தோண்டி எடுத்து இடித்துக் காய்ச்சினால் நல்ல சிவப்பு வரும். எதிர்க்கரையில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் 1795 வரை ஆண்ட டச்சுக்காரர்கள், அங்கே சாயவேர் தோண்டும் உரிமையைத் தங்களுக்கே வைத்துக் கொண்டு, இந்தக் கரையிலிருந்து சாயக்காரர்களையும் குடியேற்றித் துணி தோய்த்தார்கள். வேரும் தொட்டியும் ஒரே கையில்! 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ரசாயனிகள், வேரின் சிவப்பைக் கரித்தாரிலிருந்தே செய்யலாம் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு வேர் தோண்டுகிறவனுக்கு வேலை இல்லை. தொட்டிக்காரர் ஜெர்மன் சாயத்துக்குக் காத்திருந்தார். 1914-ல் யுத்தம் மூண்டு ஜெர்மன் கப்பல் நின்றதும்தான் தாம் யாரிடம் மாட்டிக் கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

ஆக, நூல் ஆலைக்காரரிடம். சாயம் அந்நிய தேசத்தில். விற்பனை ஜவுளி வியாபாரியிடம். நெசவாளரிடம் மிஞ்சியது குழித்தறி ஒன்று.

நடுவில் ஒரு வேலையை மட்டும் செய்கிறவன் இரண்டு பேரிடம் பேரம் பேச வேண்டியவன். வாங்கும்போது ஒருவரிடம், விற்கும்போது இன்னொருவரிடம். அந்த இருவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால்? அப்புறம் அவனுக்குப் பேரம் என்பதே கிடையாது; கூலிதான் உண்டு. நெசவூர்களில் முதலாளி என்றும், மாஸ்டர் வீவர் என்றும் சொல்லப்படுகிறவர் இப்படித்தான் பிறந்தார். அவர் வெளியாள் அல்ல. பெரும்பாலும் அதே தெரு, அதே ஜாதி, தூரத்து உறவும்கூட. நூலை அவர் தருவார், முன்பணமும் தருவார், சேலையை அவரே எடுத்துக் கொள்வார். தறி மட்டும் நெசவாளர் வீட்டில் இருக்கும். ஆலை என்ற கட்டடம் இல்லாமலே ஆலையை நடத்துகிறவர் அவர்.

அவரைக் கதையில் வருகிற வில்லனாக ஆக்கிவிட எனக்கு மனமில்லை. மழைக் காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்றால் அரிசிக்குக் கடன் கொடுத்தவர் அவர்தான். பெண் கல்யாணத்துக்கு வந்து நின்றவரும் அவர்தான். ஆனால் அந்தக் கடன் கணக்கு தீர்ந்த வீடு அபூர்வம். தீராத வரையில் நெசவாளர் வேறு இடத்தில் நூல் வாங்க முடியாது.

எமனேசுவரத்தில் ஒரு பெரியவரை, "நீங்கள் சங்கத்துக்கு நெய்கிறீர்களா, முதலாளிக்கு நெய்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"தறிக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி? நூல் எங்கேயிருந்து வருதோ, சேலை அங்கேதானே போகும்?" என்றார்.

வியாபாரப் புத்தகங்கள் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்வதை அவர் நாடாவை நிறுத்தாமலே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டையும் சற்றுப் பார்க்க வேண்டும். தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர். ஆனால் வேலை செய்கிறவர் ஒருவர் அல்ல. ராட்டினத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது மனைவி. அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதற்குக் கண் கூர்மையான மகள். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவைக் கட்டி, கஞ்சி போட்டு ஆற்றும்போது அண்டை வீட்டாரும் கை கொடுக்க வேண்டும். நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போக வேண்டும். பல வேலைகள் ஒரே கூரையின் கீழ் என்று வால்தம் ஆலையைப் பெரிய அதிசயமாகச் சொன்னேனே, அது இந்தத் தெருவில் எப்போதும் இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே கூலி சேலைக்கு; ஆளுக்கு அல்ல. புத்தகத்தில் இருப்பது ஒரு பெயர். ராட்டினம் சுற்றிய அம்மாளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

காந்தியடிகள் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். மில் நூலை வாங்கிக் கையால் நெய்கிறவன் மில்லுக்கு அடிமைதான். கையால் நூற்ற நூலை நெய்தால்தான் அவனுக்கு விமோசனம் என்பது அவர் வாதம். நூலின் மேல் முனை நெசவாளன் பக்கத்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறார். தர்க்கத்தில் குற்றம் காண முடியாது. 1921 செப்டம்பரில் மதுரையில்தான் அவர் மேல் சட்டையைத் துறந்து முழங்கால் துணியோடு நின்றார்; சுற்றிலும் தறி ஓசை கேட்கிற ஊர். ஆனால் தறிக்காரர்கள் அவரை வணங்கினார்களே தவிர, கைநூலுக்கு மாறவில்லை. கைநூல் அறுந்தது. அறுந்த இழையைப் பிணைக்கிற நேரத்துக்குக் கூலி யாரும் கொடுக்கவில்லை.

வேறு ஒரு வழி 1935-ல் பிறந்தது. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்று நீண்ட பெயர். பிறகு அது கோ-ஆப்டெக்ஸ் என்று சுருங்கி, பட்டாம்பூச்சிச் சின்னத்தோடு கடைத்தெருவுக்கு வந்தது. ஊருக்கு ஊர் ஆரம்பச் சங்கம். நெசவாளர் பங்குப் பணம் கட்டி உறுப்பினர் ஆவார். சங்கம் நூல் தரும், கூலி தரும், சேலையை வாங்கும், சென்னைச் சங்கம் அதை விற்கும். நன்றாக யோசித்தால் இது மாஸ்டர் வீவரின் அச்சு அசல் உருவம். நூலும் அவரே தருகிறார், சேலையும் அவரே எடுக்கிறார். ஆனால் அந்த 'அவர்' இப்போது நெசவாளரே. நெசவாளரைக் கட்டிப் போட்டிருந்த கயிற்றை அவிழ்க்கவில்லை. அதன் இரண்டு முனையையும் அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். அந்த யோசனையைச் செய்தவர்களை நான் மெச்சுகிறேன்.

யுத்தம் வந்து இந்த யோசனையை வளர்த்தது; கெடுக்கவும் செய்தது. 1943-ல் நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. நூல் ரேஷன் ஆயிற்று. கள்ள மார்க்கெட்டில் விலை எகிறிற்று. சங்கத்தின் மூலம் நூல் கிடைக்கும் என்றவுடன் சங்கங்கள் மழைக் காளான் போல முளைத்தன. உண்மையான சங்கங்கள் உண்டு. தறியே இல்லாத உறுப்பினர்களை வைத்துக் கொண்டு நூல் கோட்டாவை வாங்கி விற்ற சங்கங்களும் உண்டு. நேற்று வரை முதலாளியாக இருந்தவர் இன்று சங்கத் தலைவராகி, அதே திண்ணையில், அதே கணக்குப் பிள்ளையை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பதை நெசவூர்கள் கண்டன. அவர் கயிற்றின் முனைகளை விட்டுக் கொடுக்கவில்லை. பெயர்ப் பலகையை மாற்றினார்.

யுத்தம் முடிந்து மில் துணி தாராளமாக வந்ததும் தலைகீழ்ச் சங்கடம். இப்போது நூல் உண்டு. சேலைக்கு ஆள் இல்லை. 1952, 1953 வருஷங்களில் நெசவாளர் வீடுகளில் துணி தேங்கிற்று; கஞ்சித் தொட்டி திறந்த ஊர்களும் உண்டு. முதல் மந்திரி ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கத்தோடு வாதாடினார். அவரோடு எதிலும் ஒத்துப் போகாத தி.மு.க. தலைவர்களும் 1953 ஜனவரியில் கைத்தறித் துணியைச் சுமந்து தெருவில் விற்றார்கள். அண்ணாதுரை திருச்சியில் விற்றார். கைத்தறி அன்றைக்கு எல்லாக் கட்சியையும் ஒரே தெருவில் நடக்க வைத்தது. மில்கள் வேட்டி நெய்வதைப் பழைய அளவில் 60 சதவிகிதத்துக்குள் அடக்கினார்கள். 1953-ல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி வீதம் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட்டார்கள். அந்தத் தம்பிடிகளிலிருந்துதான் ரிபேட் என்ற தள்ளுபடியும், கடைத்தெருவில் சங்க விற்பனை நிலையங்களும் பெருகின. ராஜாஜி கேட்ட ஒதுக்கீடு சட்டமாக வந்தது 1985-ல். அதற்குள் எதிரி மாறிவிட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விற்பனை முனை ஓரளவு பிடிபட்டது. நூல் முனை? அதற்கும் துணிந்தார்கள். நெசவாளர் சங்கங்கள் பங்குதாரராக இருந்து நடத்தும் கூட்டுறவு நூற்பாலைகள். திருநெல்வேலிப் பேட்டையில் ஐம்பதுகளிலேயே ஒன்று. பிறகு ஜில்லாவுக்கு ஒன்று என்று சொல்லும்படி பெருகி, இராமநாதபுரம் ஜில்லாவின் பெயராலும் ஒன்று வந்தது. எட்டயபுரத்து ஆலைக்குப் பாரதியின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு துக்கம் இருப்பது வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே எட்டயபுரத்தில் பாரதியின் தந்தை சின்னசாமி அய்யர் பஞ்சாலை நடத்தி, கைப்பணத்தை இழந்து, நொந்துபோய் 1898-ல் காலமானார். பையனுக்கு அப்போது வயது பதினைந்து. தந்தை இழந்த ஊரில் மகன் பெயரால் ஆலை!

இனிமேல்தான் தொழில் நன்றாக நடந்திருக்க வேண்டும். பஞ்சிலிருந்து சேலை வரை, நெசவாளர் தாமே உடையவர். ஹார்வி நூலோடு நின்றார். இவர்கள் கடை வரைக்கும் வந்துவிட்டார்கள். ஃபோர்டுக்குத் தங்கைமுறை என்றே சொல்லலாம். ஆனால் நடந்தது வேறு. நூற்பாலை என்பது தறி அல்ல. பஞ்சு விலை ஏறி இறங்கும்போது தாங்குவதற்குக் கனத்த கை வேண்டும்; பழைய இயந்திரத்தை மாற்றப் பணம் வேண்டும். பங்குப் பணத்தில் பெரும் பகுதி அரசாங்கத்துடையது. ஆலையை நடத்தியவர்கள் உத்தியோகஸ்தர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருவர் வருவார், போவார். நெசவாளர் சங்கமோ, வெளி ஆலை நூல் கட்டுக்கு ஐந்து ரூபாய் மலிவாகக் கிடைத்தால் அதை வாங்கவே விரும்பிற்று. அதன் வயிற்றுப்பாடு அது. தம் ஆலை என்ற நினைப்பு எமனேசுவரத்துத் தறிக் குழி வரைக்கும் இறங்கவே இல்லை. தொண்ணூறுகளிலிருந்து அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விரல் விட்டு எண்ணும்படி சில மிஞ்சின.

என் தீர்ப்பு என்னவென்றால், நெசவாளருக்குச் சோறு போட்டது கடை முனை. ஆலை முனை அல்ல. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு எவ்வளவு சேலை எடுக்கும் என்பதைப் பொறுத்துத்தான் பரமக்குடி வீடுகளில் பலகாரம். 1983-ல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்ததும், ஆலை கட்டிக் கொடுத்ததைவிட அது பல தறிகளை ஓட வைத்தது. வாங்குவதற்கு ஆள் நிச்சயம் என்றால் நூலை எங்கிருந்தாவது கொண்டு வரலாம். நூல் மலை போலக் குவிந்து கிடந்தாலும் வாங்க ஆள் இல்லாவிட்டால் 1952 கதைதான். பொருளாதாரம் படித்தவர்கள் இதை மறுக்கலாம். நூல் விலை ஏறுகிற வருஷங்களில், 2021, 2022-ல் ஏறியதுபோல, எனக்கே சற்றுச் சந்தேகம் வருகிறது.

எதிரி மாறிவிட்டான் என்றேன். நூற்று நெய்து எல்லாவற்றையும் ஒரே மதில் சுவருக்குள் செய்த பெரிய ஆலைகள் கைத்தறியை விழுங்கிவிடும் என்றுதான் 1953-ல் எல்லோரும் பயந்தார்கள். விழுங்கவில்லை; அவையே விழுந்தன. பம்பாய் ஆலைகள் 1982 வேலை நிறுத்தத்துக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சென்னையின் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. அவற்றின் இடத்தைப் பிடித்தது இன்னொரு ராட்சத ஆலை அல்ல. கொட்டகையில் நாலு தறி, ஆறு தறி வைத்திருக்கும் விசைத்தறிக்காரர். நூல் அவருடையது அல்ல. கடை அவருடையது அல்ல. ஒரு கண்ணி மட்டும், ஆனால் மலிவான கண்ணி. ரூஜ் ஆற்றங்கரை வித்தையைப் பார்த்துப் பிரமித்தவர்கள் நம் ஊர் விசைத்தறிக் கொட்டகையையும் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். 1985 சட்டம் சேலைகளில் குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே என்று ஒதுக்கியது. விசைத்தறிக்காரர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கரை போடுவதில்லை.

நெசவாளருக்குச் சிட்டா நூலாவது தட்டில்லாமல் கிடைக்கட்டும் என்று 1974-ல் இன்னொரு உத்தரவு வந்தது. உள்நாட்டுக்கு விற்கும் நூலில் பாதியை ஆலைகள் சிட்டமாகத்தான் கட்ட வேண்டும் என்று. விசைத்தறிக்குச் சிட்டம் ஆகாது, கூம்பில் சுற்றிய நூல் வேண்டும். அதனால் சிட்டம் தானாகவே கைத்தறிக்குப் போகும் என்பது கணக்கு. சிட்டத்தை வாங்கிக் கூம்பாகச் சுற்றிக் கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பது கணக்கில் இல்லை. பிறகு அந்தப் பாதியும் படிப்படியாகக் குறைந்தது.

பரமக்குடிக்குப் பக்கத்தில் கமுதக்குடியில் ஒரு நூற்பாலை உண்டு. பயோனியர் ஸ்பின்னர்ஸ் என்று பெயர். தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலைகளில் ஒன்று. 1968-ல் ஏற்பட்ட அந்தக் கழகத்திடம் 1974-ல் ஒரே சட்டத்தால் நாடு முழுவதும் 103 நலிந்த ஆலைகள் ஒப்படைக்கப்பட்டன. அப்படி ஆலைகள் சேர்த்த கழகம். தறிகள் ஒரு பக்கம், கதிர்கள் ஒரு பக்கம். நடுவில் சைக்கிள் மிதிக்கிற தூரம். கூட்டி முடிச்சுப் போடுவதற்கு இதைவிட வசதியான இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஆலையின் சொந்தக்காரர் டெல்லியில் இருந்தார். தறியின் சொந்தக்காரர் எமனேசுவரத்தில் இருந்தார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலை நின்றது. அதே வாரம் தறிகளும் நின்றன. ஊரடங்கு தளர்ந்ததும் நெசவாளர்கள் குழியில் தேங்கிய தூசியைத் தட்டி, பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்து, மறுபடியும் நெய்ய ஆரம்பித்தார்கள். கமுதக்குடி ஆலை திறக்கவில்லை. வருஷங்கள் சென்ற பின்னும் அதைத் திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். தறிகளுக்கு நூல் வேறு ஊர்களிலிருந்து லாரியில் வந்து இறங்கிற்று. மூட்டையைப் பிரித்துச் சிட்டத்தை உதறி ராட்டினத்தில் மாட்டிய அம்மாளுக்கு, அது எந்த ஊர் நூல் என்று தெரியாது. மாலைக்குள் இருபது தார் சுற்ற வேண்டும் என்பது தெரியும்.